நின்றுபோன நாவலை நிலைக்குக் கொண்டுவருவது எப்படி?

இந்தக் குறிப்புகள் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வசிக்கும், நாவல் ஒன்றைத் தொடங்கிப் பாதியில் விட்டிருக்கும் பொதுமக்களுக்காக எழுதப்பட்டவை. இடையிலுள்ள கிராமத்தாரும் பயன்படுத்திக்கொள்ளலாம். கவிஞர்களுக்கு இவை பொருந்தா. அவர்கள் ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவதற்குள் ஒன்றை முடித்துவிடுகிறார்கள். உட்கார இடம் கிடைத்தால் இரண்டு.

தேவையான பொருட்கள்: பாதியில் நின்ற நாவல் ஒன்று (நின்று பத்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும், போன வருடம் நின்றது உதவாது). அது எழுதப்பட்ட டைரி, பெரும்பாலும் மில்லோ உரக்கடையோ இனாமாகக் கொடுத்தது. நின்ற இடத்துக்கு அடையாளமாகச் செருகிய பழைய கரண்டு பில். நாவல் என்று பேச்செடுத்தாலே அடுப்பில் ஏதோ இருப்பது ஞாபகம் வந்து எழுந்துபோகும் குடும்பத்தார் இரண்டு பேர். வெட்கம், தேவையான அளவு.

இனி செய்முறை.

நோய் எது என்று பார்த்தல்

இதுபோன்ற கையேடுகள் எல்லாம் சோம்பலை ஒழிப்பதில்தான் தொடங்குகின்றன. நாவலை முடிக்காதவரைச் சோம்பேறி என்று சொன்னால் வாய் வெந்துவிடும். மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்து, ஊர் ஊராகப் போய்ப் பத்திரிகை வைத்து, மூன்றாம் பந்தியில் யார் இலைக்கு அப்பளம் வரவில்லை என்பதுவரை பார்த்தவர் அவர். அவரால் முடியாதது எதுவுமில்லை. முடிக்காததற்குக் காரணம் வேறு. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் அது காதில் விழும்.

"என்ன அண்ணாச்சி, நாவல் எந்த அளவுல இருக்கு?"

"போய்க்கிட்டிருக்கு."

இந்தப் பேச்சுக்குச் செலவு ஒரு டீ. வரவைக் கணக்குப் பாருங்கள். நாவல் எழுதிக்கொண்டிருப்பவர் என்பது ஊரில் ஒரு பதவி. சம்பளம் கிடையாது, ஆனால் ஓய்வு வயதும் கிடையாது. கல்யாண வீட்டில் சம்பந்தகாரர்களுக்கு அறிமுகம் செய்யும்போது "இவுக பெரிய நாவல் ஒண்ணு எழுதிக்கிட்டிருக்காக" என்பார்கள். இலக்கியக் கூட்டத்தில் முன்வரிசை. யாராவது விருது வாங்கினால் உதட்டைப் பிதுக்கும் உரிமை. எழுதாத நாவலை எவராலும் குறை சொல்ல முடியாது. அதில் ஒற்றுப் பிழை கிடையாது, நடுவில் தொய்வு கிடையாது, சாதிச் சண்டையில் எந்தப் பக்கம் சாய்ந்தீர்கள் என்று கேட்டு யாரும் வீட்டுக்கு வருவதும் கிடையாது.

முடித்துவிட்டால்? மறுநாளே நீங்கள் புத்தகம் விற்கிற ஆள். "நமக்கு ஒரு காப்பி குடுங்க அண்ணாச்சி, படிச்சிட்டுத் தாரேன்." முடிந்தது பதவி.

இது இந்தத் தாலுகாவுக்கு மட்டும் உரிய நோய் என்று நினைத்துக் கூச வேண்டாம். அமெரிக்காவில் ரால்ஃப் எலிசன் 1952-ல் ஒரே ஒரு நாவல் வெளியிட்டு உலகப் புகழ் பெற்றார். இரண்டாவதை ஏறக்குறைய நாற்பது வருடம் எழுதினார். கேட்டவர்களுக்கெல்லாம் போய்க்கொண்டிருப்பதாகவே சொன்னார். 1994-ல் அவர் காலமானபோது ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருந்தன, நாவல் இல்லை. பிறகு வேறொருவர் உட்கார்ந்து அதிலிருந்து ஒரு பகுதியைக் கோத்துப் புத்தகமாக்கினார்.

ஆகவே முதல் படி எழுதுவதல்ல, பதவியை விட்டு இறங்கச் சம்மதிப்பது. இதற்குத் தயாரில்லாதவர்கள் இங்கேயே படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். வருத்தமில்லை. ஊருக்கு அந்தப் பதவியிலும் ஆள் வேண்டும்.

நேரமில்லை, இடமில்லை என்பதைத் தீர்த்தல்

நேரமில்லை என்பவர்கள் கிருஷ்ணதேவராயரை நினைக்க வேண்டும். 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்டவர். வடகிழக்கே கலிங்கத்தோடு போர், வடக்கே சுல்தான்களோடு போர், உள்ளே நாயக்கர்களின் கணக்கு வழக்கு. கலிங்கப் படையெடுப்பின்போது வழியில் ஒரு கோயிலில் தங்கியிருக்கிறார். கனவில் பெருமாள் வந்து, என் கதையைத் தெலுங்கில் எழுது என்கிறார். எந்தக் கதை என்றால் நம்மூர்க் கதை: பெரியாழ்வாரும் ஆண்டாளும். சக்கரவர்த்தி எழுந்து உட்கார்ந்து 'ஆமுக்தமால்யதா' என்ற காவியத்தை எழுதுகிறார், முடிக்கவும் செய்கிறார். துங்கபத்திரைக் கரையில் இருந்தவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கதையை முடிக்க நேரம் கிடைத்திருக்கிறது. உங்களுக்கு வடக்குமாட வீதியில் வீடு, ஆனால் நேரமில்லை. பெருமாள் கனவில் வரவில்லை என்று சமாதானம் சொல்லக்கூடும். வந்திருப்பார். நீங்கள் போனை சைலண்டில் போட்டிருப்பீர்கள்.

கதை இத்தோடு முடியவில்லை. அந்தத் தெலுங்குக் காவியம் தமிழுக்கு வரவேண்டியிருந்தது. வில்லிபுத்தூரில் நடந்த கதை அல்லவா? அதைத் தமிழாக்கியவர் பதினொன்று, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்தில் இருந்த மு.கு. ஜகந்நாத ராஜா. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், போதாததற்குச் சமஸ்கிருதம், பிராகிருதம், பாலி. சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு இதற்குத்தான் கிடைத்தது. அந்தக் காவியத்தின் தெலுங்கு, தெலுங்குப் பேராசிரியர்களே பயப்படும் தெலுங்கு. ஒரு வருணனைக்குள் நுழைந்தால் மாட்டுத்தொழுவம், வாய்க்கால், கொக்கு, தூங்கும் காவல்காரன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வெளியே வரமுடியும். அதைக் கடைசி வரி வரை ஒருவர் நம்மூரில் இருந்துகொண்டே கொண்டுவந்திருக்கிறார். ராஜபாளையத்தின் வெயில் இலக்கியத்துக்கு ஆகாது என்ற வாதம் இதோடு அடிபட்டுப்போகிறது.

தனி அறை வேண்டும் என்பவர்களுக்கு மேலாண்மை பொன்னுச்சாமி. நம் விருதுநகர் மாவட்டத்து மேலாண்மறைநாட்டுக்காரர். ஐந்தாம் வகுப்புப் படிப்பு, ஊரில் சின்னக் கடை. சீயக்காய்த் தூளும் பீடிக்கட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே எழுத்தாளராக வாழ்ந்து, 2007-ல் 'மின்சாரப்பூ' தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார். தனி அறை கட்டிய பிறகு எழுதலாம் என்று மாடியில் கம்பி நீட்டி விட்டிருப்பவர்கள் அந்தக் கம்பியில் துணி காயப்போட்டுக்கொள்ளவும்.

தகவல் சேகரிக்கிறேன் என்பவர்கள் கொஞ்சம் மரியாதைக்குரியவர்கள். பூமணி கோவில்பட்டிப் பக்கத்து வரலாற்றைத் தோண்டி, கழுகுமலைக் கலவரம், சிவகாசிக் கொள்ளை என்று பல வருடம் அலைந்துதான் 'அஞ்ஞாடி'யை எழுதினார். ஆயிரம் பக்கத்துக்கு மேல். 2012-ல் புத்தகம் வந்தது, 2014-ல் சாகித்திய அகாதெமி விருது வந்தது. ஆனால் அவர் தகவலோடு திரும்பி வந்தார். நீங்கள் 2011-ல் செண்பகத்தோப்புக்குச் சாம்பல் நிற அணிலைப் பார்க்கப் போனீர்கள், கதையில் ஒரு காட்சிக்காக. அப்போது அது அணில் சரணாலயம். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமே வந்துவிட்டது. உங்கள் காட்சியில் இன்னும் அணில் வரவில்லை.

வெளிநாட்டு முறைகள்

பாரீஸில் விக்டர் ஹ்யூகோ 1830-ல் செய்தது பிரசித்தம். பதிப்பாளருக்குக் கொடுத்த கெடு நெருங்கியது. வெளியே போட்டுக்கொண்டு போகும் உடுப்புகளையெல்லாம் பெட்டியில் பூட்டச் சொல்லிவிட்டு, பெரிய கம்பளிப் போர்வை ஒன்றைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே போக வழியில்லாமல் சில மாதத்தில் 'நோத்ரதாம்' நாவல் முடிந்தது.

ராஜபாளையத்தில் இது பலிக்காது. சட்டை, பேண்ட், வேட்டி எல்லாவற்றையும் பீரோவில் வைத்துச் சாவியை மனைவி இடுப்பில் செருகிக்கொண்டாலும், கைலியும் தோளில் ஒரு துண்டும் இருந்தால் நம் ஆள் டீக்கடை, சலூன், ரேஷன் கடை, வங்கி, துட்டி வீடு, ஜவகர் மைதானத்துக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போய்வந்துவிடுவார். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கைலியையும் பூட்டினால் துண்டைக் கட்டிக்கொண்டு தோப்புப் பக்கம் போவார். ஐயனார் கோயில் அருவியில் தண்ணீர் வருகிறது என்று தெரிந்தால் அதுவே போதுமான உடுப்பு.

தஸ்தயேவ்ஸ்கி முறை இன்னும் கடுமை. 1866-ல் கெடுவுக்குள் நாவல் கொடுக்காவிட்டால் ஒன்பது வருடத்துக்கு அவர் எழுதுவதையெல்லாம் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம் என்று பதிப்பாளருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். சுருக்கெழுத்துப் பெண் ஒருத்தியை வைத்து இருபத்தாறு நாளில் 'சூதாடி'யைச் சொல்லி முடித்தார். அடுத்த வருடம் அவளையே கல்யாணமும் செய்துகொண்டார். இந்த முறையை ஏற்கெனவே கல்யாணமானவர்களுக்குப் பரிந்துரைக்க முடியாது. தவிரவும் நம் ஊரில் எழுத்தாளர் எழுதப்போவதை ஒன்பது வருடத்துக்கு இலவசமாகத் தருகிறேன் என்றால், முதல் வருடத்தையே வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பது கஷ்டம்.

மார்கழித் திட்டம்

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் எவரும் வாழ்நாளில் ஒருமுறை போட்டுப் பார்க்கும் திட்டம். திருப்பாவை முப்பது பாட்டு, மார்கழி முப்பது நாள், நாவலில் பாக்கி முப்பது அத்தியாயம். நாளைக்கு ஒன்று. கணக்கு இவ்வளவு அழகாக உட்காரும்போதே சந்தேகப்பட வேண்டும். முதல் சிக்கல், சில வருடம் மார்கழிக்கு இருபத்தொன்பது நாள்தான்.

முதல் நாள் நாலரைக்கு ஒலிபெருக்கி எழுப்பிவிடுகிறது. குளித்து, நெற்றிக்கு இட்டு, டைரியைத் திறந்து வைக்கிறீர்கள். கோயில் பொங்கல் ஞாபகம் வருகிறது. போய்விட்டு வந்து, பொங்கல் சாப்பிட்டவன் எழுத முடியுமா என்று நீங்களே கேட்டு நீங்களே பதில் சொல்லிக்கொள்கிறீர்கள். மூன்றாம் நாள் எழுதுகிறீர்கள்: "அதிகாலை. எங்கும் பனி." நல்ல தொடக்கம். நான்காம் நாளும் அதிகாலை, பனி. பத்து நாளில் ஒரு விபரீதம் நடந்திருக்கும். உங்கள் கதை அக்னி நட்சத்திரத்தில், கரிசல் காட்டில் நடப்பது. வறட்சியில் மாடு விற்கப்போன சம்சாரி பனிமூட்டத்தில் வழிதவறி நிற்பார். எழுதுகிற நேரம் கதைக்குள் ஒழுகும். இதைத் தடுக்க மத்தியானம் எழுத வேண்டும். மத்தியானம் எழுதினால் எல்லாப் பாத்திரமும் கொட்டாவி விடும்.

இருபத்தேழாம் நாள் கூடாரவல்லி. நெய் சொட்டும் அக்காரவடிசில். அன்று எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது மனிதாபிமானமில்லை. மறுநாள் வயிறு சரியில்லை. அதற்கப்புறம் பொங்கலுக்கு வெள்ளையடிப்பு, டைரி பரணுக்குப் போய்விடுகிறது.

ஆண்டாளிடம் கற்க வேண்டியது வேறு. முப்பதோடு நிறுத்தினாள். நாச்சியார் திருமொழியையும் நூற்று நாற்பத்து மூன்று பாட்டில் முடித்துக்கொண்டாள். நீங்கள் நாலு தலைமுறை, எட்டு பாகம் என்று அட்டவணை போட்டு, முதல் தலைமுறைத் தாத்தா சாவதற்கே இருநூறு பக்கம் எடுத்துக்கொண்டீர்கள். இன்னொன்று, மாலை கட்டி முடித்த பிறகுதான் அவள் சூடிப் பார்த்தாள். கோயிலில் இருக்கும் கண்ணாடிக் கிணற்றைக் காட்டி, இதில்தான் பார்த்துக்கொண்டாள் என்பார்கள். நீங்கள் நாருக்கே வழியில்லாதபோது கிணற்றடியில் நிற்கிறீர்கள். ஏற்புரை தயார். சமர்ப்பணம் தயார், அதிலும் இரண்டு முறை பெயர் மாற்றியாகிவிட்டது. பின்னட்டைப் போட்டோ எடுத்தும் ஆகிவிட்டது. அதில் தலையில் இருந்த முடி இப்போது இல்லை.

ஊருக்கே கெடு தவறும் குணம் என்று சொல்லித் தப்பவும் முடியாது. ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருமலைக்கும், சித்திரையில் மதுரைக்கு அழகருக்கும் வருடா வருடம் நாள் தவறாமல் போய்ச் சேருகிறது. வாடுகிற பொருளையே இந்த ஊர் நேரத்துக்கு அனுப்புகிறது.

நாய், பால்கோவா

ராஜபாளையம் நாயை வாசலில் கட்டி, எழுத்தாளர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும் முறையைச் சிலர் சொல்கிறார்கள். அந்த நாய் வெளியாளை உள்ளே விடாது, வீட்டாளை வெளியே விடாமல் செய்யாது. மேலும் அதை நடத்திக்கொண்டு போக வேண்டும் என்பதே வெளியே போக நல்ல சாக்கு. நடக்கும்போது ஒன்றை யோசிக்கலாம்: அந்த நாய்க்கு 2005-ல் தபால்தலை வந்துவிட்டது. உங்களுக்கு வர நாவல் முடிந்தாக வேண்டும்.

பால்கோவா பற்றி. பால்கோவா கிண்டுவதை நாவல் எழுதுவதற்கு உவமை சொல்லாமல் எங்கள் பக்கத்தில் இலக்கியக் கூட்டம் எதுவும் முடிந்ததில்லை. பொறுமை, தீ, அடிப்பிடிக்காமல் கிளறுதல். எனக்கு அந்த உவமை அலுத்துவிட்டது, சொல்லப்போவதில்லை. பரிசாக மட்டும் பார்ப்போம். ஒரு அத்தியாயம் முடித்தால் கால் கிலோ என்று தொடங்குகிறார்கள். பிறகு ஒரு பக்கத்துக்கு ஐம்பது கிராம். பிறகு முன்பணமாக வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுதுவது. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, உள்ளூர்ப் பொருளை ஆதரிக்கிறேன் என்ற பெயரில் எழுதாமலே சாப்பிடுவது. இந்த வழியில் போனவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது சர்க்கரை மாத்திரைச் சீட்டு. அதன் பின்பக்கம் வெறுமையாக இருக்கும், குறிப்பெழுத உதவும்.

கேட்கிற ஆள்

இனி உண்மையான வழி. ஆடிப்பூரத்தன்று ரத வீதியில் நின்று, ஆண்டாள் தேர் இழுப்பதைப் பாருங்கள். கூட்டம் வடத்தைப் பார்க்கும், நீங்கள் சக்கரத்தைப் பாருங்கள். அங்கே கட்டை போடுகிறவர் ஒருவர் இருப்பார். வேட்டியை மடித்துக்கட்டி, குனிந்தபடியே பின்னோக்கி நடந்துகொண்டு, உருளும் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைக் கொடுத்துக் கொடுத்து எடுப்பார். தேர் சாய்ந்தால் இந்தப் பக்கச் சக்கரத்துக்கு, திரும்ப வேண்டுமானால் அந்தப் பக்கச் சக்கரத்துக்கு. அவர் கண் கலசத்தைப் பார்க்காது, ஒரு முழத் தரையைத்தான் பார்க்கும். பின்னால் தடி போடுகிறவர்கள் நெம்பினால்தான் நின்ற தேர் அசையும். அசைந்த பிறகு வடம் பார்த்துக்கொள்ளும். நேர் வீதியில் எல்லாரும் வீரர்கள். முக்குத் திரும்பும் இடத்தில்தான் தேர் நிற்கும். மரச்சக்கரமாக இருந்த காலத்தில் தேர் நிலைக்கு வர நாள்கணக்காகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இடையில் எத்தனை நாள் தெருவில் நின்றாலும், தேர் பாதியில் நிற்கிறதே, அது ஒரு பாணி என்று யாரும் விமரிசனம் எழுதவில்லை. நிலைக்கு வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நாவலும் முக்கில்தான் நிற்கிறது. உங்கள் டைரியில் கரண்டு பில் செருகிய இடத்தைத் திறந்து பாருங்கள். கதாநாயகி குடத்தோடு கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருப்பாள். அவள் போனது எந்த வருடம் என்று தேதியைப் பாருங்கள். அதற்கப்புறம் அந்தக் கிணற்றைத் தூர்த்துப் பிளாட் போட்டு விற்றுவிட்டார்கள். அவள் கையிலிருந்த பித்தளைக் குடம் பிளாஸ்டிக்காகி, பிளாஸ்டிக் கேனாகிவிட்டது. அவள் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறாள். ஏனென்றால் கிணற்றடியில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு அன்றைக்கே தெரியாது. இதை ஒளிக்கத்தான் இத்தனை வருடப் பேச்சு.

இங்கே செய்யக்கூடாதது ஒன்றுண்டு: முதலிலிருந்து திருத்தி எழுதிக்கொண்டு வருவது. எழுதியவர் கண்ணுக்கு முதல் பாராவில் பிழை தீரவே தீராது. நேராகக் கிணற்றடிக்குப் போங்கள். அவளை அங்கிருந்து எப்படியாவது நகர்த்துங்கள். தண்ணீர் இல்லை என்று திரும்பி வந்தாலும் சரி.

நெம்புவதற்கு ஆள் வேண்டும் என்றேனே, அதுதான் இந்தக் கையேட்டின் சாரம். தமிழில் பெரிய நாவல்கள் எழுத்தாளரின் மன உறுதியால் மட்டும் முடியவில்லை, பாதிக்கு மேல் வாரப் பத்திரிகையால் முடிந்தவை. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வாரா வாரம் வந்ததற்குக் காரணம், அடுத்த இதழில் வந்தியத்தேவன் என்ன ஆனான் என்று கேட்க லட்சோபலட்சம் பேர் காத்திருந்தது. கேட்கிற இடம் மூடிவிட்டால் கதையும் நின்றுவிடும். சுந்தர ராமசாமி 'ஒரு புளியமரத்தின் கதை'யைச் 'சரஸ்வதி' பத்திரிகையில் தொடராகத் தொடங்கினார். பத்திரிகை நின்றது, தொடரும் நின்றது. நாவல் புத்தகமாக வர 1966 ஆயிற்று. அ. மாதவையா 1892-ல் 'விவேகசிந்தாமணி'யில் தொடங்கிய 'சாவித்திரி சரித்திரம்' பாதியில் நின்றுபோனது. அவர் விடவில்லை, பதினோரு வருடம் கழித்து 1903-ல் அதையே 'முத்துமீனாட்சி'யாக்கி வெளியிட்டார். பதினோரு வருடம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், வீட்டில் சொல்லிக்காட்ட உதவும்.

முடிக்காமல் போனாலும் பின்னால் வருகிறவர்கள் முடித்துவைப்பார்கள் என்ற நப்பாசை வேண்டாம். கல்கி 1954-ல் காலமானபோது 'அமரதாரா' பாதியில் நின்றது. மகள் ஆனந்தி குறிப்புகளை வைத்து எழுதி முடித்தார். உங்கள் மகள் பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கிறாள். உங்கள் கையெழுத்து அவளுக்குப் புரியாது, புரிந்தாலும் அப்பா இப்படியெல்லாமா யோசித்தார் என்று மூடிவைத்துவிடுவாள். பாரதியின் 'சந்திரிகையின் கதை' 1921-லிருந்து அப்படியே நிற்கிறது. ஆண்டாளே அழகருக்கு நூறு தடா அக்காரவடிசில் வேண்டிக்கொண்டு வைத்துவிட்டுப் போனாள். சில நூற்றாண்டு கழித்து ராமானுஜர் திருமாலிருஞ்சோலையில் அதைச் செலுத்திவிட்டு வில்லிபுத்தூர் வந்தார், அவள் "அண்ணா" என்று எதிர்கொண்டழைத்தாள் என்பது வைணவர் சொல்லும் வரலாறு. அது ஆண்டாள். நமக்கெல்லாம் ராமானுஜர் வரமாட்டார்.

இப்போது வாரப் பத்திரிகை உங்கள் வாசலுக்குப் பையனை அனுப்பப்போவதில்லை. ஆகவே கேட்கிற ஆளை நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டும். இலக்கிய நண்பர் கூடாது. அவர் "அவசரப்படாதீங்க, நல்ல படைப்பு தானா முதிரும்" என்பார். அவர் வீட்டிலும் ஒரு டைரி இருக்கிறது. இன்னொரு வகை நண்பர், ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை நாளுக்கொரு அத்தியாயமாக எழுதி 'வெண்முரசு' இருபத்தாறு நாவலையும் முடித்ததை ஞாபகப்படுத்துவார். இந்தத் தகவலை நாவல் முடிக்காதவர் காதில் போடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும். கேட்டவர் அன்றைக்கும் எழுதமாட்டார்.

வேண்டியது, இலக்கியத்தைப் பற்றிக் கவலையில்லாமல் கதையைப் பற்றி மட்டும் கவலைப்படும் ஆள். என் அனுபவத்தில் மதினிமார் இதற்கு உத்தமம். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்து, நிலைப்படியில் தலைசாய்த்து உட்கார்ந்திருக்கும் மதினியிடம் எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். வருணனையில் கண்ணை மூடிக்கொள்வார். கிணற்றடி வந்ததும் எழுந்து உட்கார்வார்.

"சரி, போனாள்ல. அப்பறம்?"

"அதத்தான் மதினி யோசிச்சிக்கிட்டிருக்கேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அவன் வந்தானா இல்லையா? வரலன்னா வரலன்னு எழுதுங்க, அவ வீட்டுக்குப் போயி உலையாவது வைப்பா."

பத்து வருடமாக உங்களுக்குக் கிடைக்காத அத்தியாயம் இது. அடுத்த வாரம் அவர் மறக்கமாட்டார். மல்லிகைப்பூ வாங்க வரும்போது கேட்பார், சீமந்த வீட்டில் பத்துப் பேர் நடுவில் கேட்பார், "என்ன, இன்னும் கெணத்தடியிலயா நிக்கா?" தேவையான பொருட்களில் வெட்கத்தைச் சேர்த்தது இதற்காகத்தான். இரண்டு மாதம் இந்தக் கேள்விக்குத் தாக்குப்பிடிக்க எந்த எழுத்தாளராலும் முடியாது. எழுதிவிடுவார்.

அளவு: ஒருநாளைக்கு ஒரு பக்கம். மில்லில் அரை நைட் பார்க்கிறவர்கள் பகலில் எழுதலாம், முழு நைட்காரர்கள் வாரக் கடைசியில். கட்டை போடுகிறவரைப் போல ஒரு முழத் தரையைத்தான் பார்க்க வேண்டும். எட்டாம் பாகத்துக் கலசத்தை அண்ணாந்து பார்க்கிறவர் சக்கரத்துக்கடியில் போய்விடுவார். மதினி "இது நல்லாயில்ல" என்றால் வாதாடாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவும்.

முடித்த பிறகு

முடியும். நம்ப முடியாவிட்டாலும் முடியும். அதற்கப்புறமும் சில சங்கதிகள் இருப்பதால் கையேடு நீள்கிறது.

உடனே அச்சாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிங்கம்புணரிக்காரரான ப. சிங்காரம், மதுரையில் பத்திரிகை வேலை பார்த்துக்கொண்டே எழுதிய 'புயலிலே ஒரு தோணி' பல வருடம் பதிப்பாளருக்குக் காத்திருந்து 1972-ல்தான் வெளிவந்தது. இன்றைக்குத் தமிழின் முதல் பத்து நாவல் என்று யார் பட்டியல் போட்டாலும் அது இருக்கிறது. சி.சு. செல்லப்பா 'சுதந்திர தாக'த்தின் மூன்று பாகங்களையும் எண்பது வயதுக்கு மேல் தாமே வெளியிட்டார். 1998-ல் காலமானார், 2001-ல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது. ஏற்புரையை இப்போதே எழுதி வைத்திருப்பவர்கள் அதைப் படிக்க வேறொருவரையும் ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

பதிப்பாளருக்குப் போன் போட்டால் முதலில் பக்கம் எத்தனை என்பார். கதையைக் கேட்கமாட்டார், வருந்த வேண்டாம். "ஜனவரி புத்தகக் கண்காட்சி முடியட்டும்" என்பார். கண்காட்சி முடிந்ததும் "மார்ச் முடியட்டும்" என்பார். மதினியை அவரிடம் பேசவிடலாம்.

சொந்தச் செலவில் போடுகிறவர்கள் ஐநூறு பிரதிக்கு மேல் அச்சடிக்க வேண்டாம். வெளியீட்டு விழாவை ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றம் மாதிரி இடத்தில் வைத்தால் நாற்காலி கொஞ்சமாகப் போடுங்கள், நின்றுகொண்டு கேட்டார்கள் என்று பெயர் வரும். சொந்தக்காரர்களுக்கு இனாமாகக் கொடுக்க ஐம்பது பிரதி ஒதுக்கவும். இருநூறு போகும். மீதியைக் கட்டிலுக்கடியில் அடுக்குவதானால் வெறுந்தரையில் வைக்காதீர்கள். நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, மேலே பலகை போட்டு, சுவரைத் தொடாமல் அரையடி தள்ளி அடுக்கவும். தோப்பை ஒட்டிய வீடுகளில் கரையான் அதிகம். அவை முதல் அத்தியாயத்திலிருந்துதான் தொடங்கும் என்று சொல்ல முடியாது.